எண்ணிப் பார்த்த ரைல்

இங்கிலாந்தில் 1918-ல் பிறந்த மார்ட்டின் ரைல், இரண்டாம் உலகப் போரின்போது ராடார் பணியில் இருந்தவர். போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜில், வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராய முனைந்தார்.

பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருந்து வருகிறது என்று அதே ஊரில் பிரெட் ஹாயில் வாதாடி வந்தார். ரைல் அதை எண்ணிக்கையால் சோதித்தார். ரேடியோ அலை வீசும் நட்சத்திர மண்டலங்களில் மங்கலானவை பெரும்பாலும் தொலைவில் உள்ளவை. அவற்றின் அலை வந்து சேரப் பல கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே அவை காட்டுவது பழங்காலத்தை. அவை கணக்குக்கு மிஞ்சி இருந்தால் ஹாயில் கொள்கை நிற்காது.

1955-ல் 1,936 பொருள்களைப் பட்டியலிட்டு, கொள்கை விழுந்தது என்றார். அவசரந்தான். சிட்னி ஆய்வாளர்களின் கணக்கு ஒத்துவரவில்லை. அருகருகே இருந்த மங்கலான பலவற்றைக் கருவி ஒன்றாகக் காட்டியிருந்தது. பட்டியலில் பெரும்பகுதி பொய்த்தது. ஒரு விஞ்ஞானிக்கு இதைவிடத் தலைகுனிவு வேண்டுமா?

ரைல் கருவியைத் திருத்தி மறுபடி எண்ணினார். 1959-ல் பட்டியல் 471 ஆகச் சுருங்கியது. ஆனால் 1961-ல் வெளியிட்ட கணக்கிலும் மங்கலானவை மிஞ்சியே நின்றன. ஹாயில் ஒப்பவில்லை. 1974-ல் ரைலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975-ல் நம் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியில் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் எடுத்த அளவுகளும் ரைல் பக்கமே பேசின. 1984-ல் அவர் காலமானார்.