பட்டம் வாங்காதவர் விட்ட பட்டம்

பட்டம் விட்டிருக்கீங்களா? விட்டவங்களுக்கு இது தெரியும். பட்டம் மேலே ஏறி நிலைச்சு நின்னதும் நூலைக் காதோரம் வைத்தால் ஒரு ரீங்காரம் கேட்கும். காற்று கூடினால் சுதி ஏறும், குறைந்தால் இறங்கும். மேலே என்ன நடக்குதுன்னு நூல் நமக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும்.

இந்த மாத 'மறக்க முடியாத மனிதர்' பகுதியில் நாம் பார்க்கப் போறவர், நூலுக்குப் பதிலாகக் கம்பி கட்டிப் பட்டம் விட்டவர். கடுங்குளிர், அடிக்கிற காற்று, கீழே அட்லாண்டிக் கடல். கம்பியின் அடி நுனியை ஒரு இயர்பீஸில் இணைத்துக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று 'டிக்' சத்தம் கேட்டதாகச் சொன்னார். உண்மையிலேயே கேட்டதா என்று நூறு வருஷத்துக்கு மேலாகியும் விவாதம் ஓயவில்லை. அவர் பெயர் குலியெல்மோ மார்க்கோனி.

ரேடியோவைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு மார்க் கேள்வியில் படித்துவிட்டு நாம் தாண்டி வந்த பெயர்தான். கொஞ்சம் நின்று பார்ப்போம், வாங்க.

மணி, துப்பாக்கி

1874 ஏப்ரல் 25-ஆம் தேதி இத்தாலியின் பொலோனியா நகரில் பிறந்தார். அப்பா ஜுசெப்பே நிலபுலன் உள்ளவர். அம்மா ஆனி ஜேம்சன் அயர்லாந்துக்காரர், அங்கே விஸ்கி தயாரிப்பில் பேர்போன ஜேம்சன் குடும்பத்துப் பெண். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் படிப்பு? பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதியை அவர் பெறவே இல்லை. அக்கம்பக்கத்தில் குடியிருந்த அவுகுஸ்தோ ரீகி என்ற இயற்பியல் பேராசிரியர் இரக்கப்பட்டு, தன் வகுப்புகளுக்கு வரவும் லேபைப் பார்க்கவும் வழிவிட்டார். அவ்வளவுதான் உயர்கல்வி. ஆக, பட்டம் வாங்காதவர்தான் பின்னாளில் பட்டம் விட்டார்!

1894-இல் ஹெர்ட்ஸ் இறந்தார். மின்காந்த அலைகள் உண்மையிலேயே இருக்கின்றன என்று சோதனையில் காட்டியவர் அவர். அந்தச் சமயத்தில் ஹெர்ட்ஸின் வேலையைப் பற்றிப் படித்தபோதுதான் இருபது வயது மார்க்கோனிக்குப் பொறி தட்டியது. இந்த அலையை வைத்துக் கம்பியில்லாமல் தந்தி அனுப்பினால் என்ன?

வீட்டு மச்சில் உட்கார்ந்து ராப்பகலாக வேலை செய்தார். அந்த முனையில் ஒரு சாவியை அழுத்தினால், இந்த முனையில் கம்பி இணைப்பே இல்லாமல் மணி அடித்தது. அதை முதலில் கேட்டது அம்மா.

அடுத்த வருஷம், 1895-இல், சோதனை மச்சை விட்டுத் தோட்டத்துக்கு இறங்கியது. ஆன்டெனாவை உயரத்தில் தூக்கி, மறுமுனையைத் தரையில் புதைத்தால் தூரம் கூடுவதைக் கவனித்தார். அண்ணன் அல்ஃபோன்சோ ரிசீவரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை கையை ஆட்டிச் சொன்னால் போதும். குன்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால்? அதற்காகக் கையில் ஒரு துப்பாக்கி. சிக்னல் வந்தால் சுட வேண்டும். மார்க்கோனி சாவியை அழுத்தினார். குன்றின் பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. தூரம் சுமார் 2 கிலோமீட்டர்.

ஒன்றைக் கவனிச்சீங்களா? சிக்னல் வந்ததற்கான சாட்சி ஒவ்வொரு தடவையும் ஒரு சத்தம்தான். முதலில் மணி, அப்புறம் துப்பாக்கி. ரெண்டும் யார் காதுக்கும் சந்தேகமில்லாமல் கேட்கிற சத்தம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

225 கிலோமீட்டர் கடல் மேடு

1896-இல் அம்மாவுடன் லண்டன் போனார். பிரிட்டிஷ் தபால் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் கைகொடுத்தார். ஜூன் 2-ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பம். 1897 மே மாதம் பிரிஸ்டல் கால்வாயைத் தாண்டிச் செய்தி போனது. 1899 மார்ச்சில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடல் தாண்டிப் போனது. உயரமான கம்பம் இல்லாத இடங்களில் ஆன்டெனாவைத் தூக்கப் பட்டத்தையும் பலூனையும் இந்த நாட்களிலேயே பழகிக்கொண்டார்.

அடுத்து அட்லாண்டிக். இங்கேதான் படித்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கு நல்ல காரணமும் இருந்தது. அலை நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. இங்கிலாந்தின் கார்ன்வால் முனைக்கும் கனடா பக்கத்து நியூஃபவுண்ட்லாந்துக்கும் சுமார் 3,400 கிலோமீட்டர். நடுவில் பூமியின் வளைவு எவ்வளவு உயரம் எழும்புதுன்னு கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க, ஏறக்குறைய 225 கிலோமீட்டர் வரும். அவ்வளவு உயரக் கடல் மேட்டைத் தாண்டி அலை எப்படி வளைந்து வரும்? மார்க்கோனியிடம் பதில் இல்லை. தூரம் கூடக் கூட இதுவரை வேலை செய்திருக்கிறது, இனியும் செய்யும் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. அந்த நம்பிக்கை மேல் கம்பெனியின் பெரும் பணமும் ஏறி உட்கார்ந்திருந்தது.

கார்ன்வாலில் போல்டு என்ற இடத்தில் டிரான்ஸ்மிட்டர். வடிவமைத்தவர் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங். ஆமாம், எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தில் வால்வு கண்டுபிடித்தவராக வருகிற அதே ஃபிளெமிங்தான். 25 கிலோவாட் ஆல்டர்னேட்டர். சுமார் 60 மீட்டர் உயரத்தில் 20 கம்பங்களை வட்டமாக நட்டு ஆன்டெனா கட்டினார்கள். 1901 செப்டம்பர் 17-ஆம் தேதி அடித்த சூறைக்காற்றில் அத்தனையும் சாய்ந்தது. அமெரிக்கக் கரையில் கேப் காட் என்ற இடத்தில் இதே மாதிரி நட்டிருந்த கம்பங்களும் நவம்பர் 25-ஆம் தேதி விழுந்தன.

மறுநாள் மார்க்கோனி கப்பலேறினார். போல்டுவில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே விசிறி மாதிரி கம்பிகளைத் தொங்கவிட்டு, தற்காலிக ஆன்டெனா தயாராகியிருந்தது. அந்தப் பக்கம் கம்பம் நட நேரமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் ஜார்ஜ் கெம்ப், பேஜெட் என்ற இரண்டு உதவியாளர்கள், இரண்டு பலூன், ஆறு பட்டம். இதுதான் மொத்த லக்கேஜ். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் தம்பி வடிவமைத்த, ஆளையே தூக்கிக்கொண்டு பறக்கிற ரகப் பட்டம் அது.

சிக்னல் ஹில்

நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்துக்கு மேலே ஒரு மொட்டைக் குன்று. பெயர் சிக்னல் ஹில். சத்தியமா நான் வெச்ச பேர் இல்லை. அங்கே கைவிடப்பட்ட பழைய மருத்துவமனைக் கட்டிடத்தில் ஒரு அறையில் கருவிகளை வைத்தார்கள். எதற்கு வந்திருக்கிறோம் என்று ஊருக்குச் சொல்லவில்லை. கடலில் போகும் கப்பல்களோடு பேசிப் பார்க்கப் போகிறோம் என்றார்கள். தோற்றுப்போனால் உலகத்துக்குத் தெரிய வேண்டாமே!

ஏற்பாடு எளிமையானது. குறிப்பிட்ட நேரத்தில் போல்டுவிலிருந்து 'எஸ்' என்ற எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். மோர்ஸ் முறையில் அது மூன்று புள்ளி. டிக் டிக் டிக். கோடு இல்லாமல் புள்ளி மட்டும் என்றால் டிரான்ஸ்மிட்டருக்கும் சுமை குறைவு.

டிசம்பர் 11-ஆம் தேதி பலூனை ஏற்றினார்கள். காற்று பிய்த்துக்கொண்டு போனது. 12-ஆம் தேதி பட்டம். முதல் பட்டமும் கம்பியோடு அறுந்து போனது. இரண்டாவது பட்டம் சுமார் 150 மீட்டர் கம்பியை இழுத்துக்கொண்டு மேலே ஏறியது. ஏறியதே தவிர, நிற்கவில்லை. எகிறும், குத்தி இறங்கும், பக்கவாட்டில் அடிக்கும்.

இந்த இடம்தான் நமக்கான இடம். ஃபர்ஸ்ட் இயரில் படித்த ரெசனன்ஸை ஞாபகப்படுத்துங்க. ஆன்டெனா கம்பிக்கும் தரைக்கும் நடுவே ஒரு கெபாசிட்டன்ஸ் இருக்கிறது. பட்டம் ஆடினால் கம்பியின் உயரமும் சாய்வும் மாறும், கெபாசிட்டன்ஸ் மாறும், கூடவே ரெசனன்ட் ஃப்ரீக்வென்சியும் மாறும். நொடிக்கு நொடி மாறுகிற ஆன்டெனாவுக்கு எப்படி டியூன் செய்வது? டியூனிங் முறைக்கு 1900-இல் காப்புரிமை வாங்கிய அதே மார்க்கோனி, தன் டியூன் செய்த ரிசீவரை ஓரமாக வைக்க வேண்டியதாயிற்று. டியூனிங்கே இல்லாத சாதாரண ரிசீவரை எடுத்தார். நாடாவில் புள்ளி குத்தும் கருவியையும் விட்டுவிட்டு, அதைவிட நுட்பமாக உணரக்கூடிய இயர்பீஸைக் காதில் வைத்தார்.

அந்த ரிசீவருக்குள் இருந்தது ஒரு பாதரசத் துளி. சிக்னல் வந்தால் மின்சாரத்தை விட்டுவிட்டு, தட்டாமலே தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் கோஹிரர். இத்தாலியக் கடற்படையிலிருந்து அவருக்குக் கிடைத்தது. இதே தத்துவத்தில் இரும்பும் பாதரசமும் வைத்து, டெலிபோனோடு இணைத்த ஒரு கருவியைப் பற்றி 1899-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை அளித்தவர் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் ஜகதீச சந்திர போஸ். அந்தப் பெருமை போஸுக்கே சேர வேண்டும் என்று பிற்காலத்தில் ஆய்வாளர்கள் வாதாடினார்கள். போஸ் காப்புரிமை வாங்குவதில் ஆர்வம் காட்டாதவர். மார்க்கோனி கம்பெனி நடத்தியவர். வரலாறு யார் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியது என்று நமக்குத் தெரியும்.

மதியம் 12.30 மணி. காற்றின் இரைச்சலுக்கு நடுவே காதில் மூன்று டிக் கேட்டது என்றார் மார்க்கோனி. இயர்பீஸைக் கெம்ப்பிடம் நீட்டினார். அவரும் கேட்டது என்றார். அப்புறம் இன்னும் சில தடவை கேட்டது. மறுநாளும் விட்டு விட்டுக் கேட்டது. அதற்கடுத்த நாள் பட்டத்தை ஏற்றவே முடியவில்லை.

காது சாட்சியா?

செய்தி வெளியானதும் உலகம் கொண்டாடியது. கடலடிக் கேபிள் போட்டிருந்த தந்திக் கம்பெனியோ, இந்த ஊரில் தந்தி எங்கள் ஏகபோகம், வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது. கனடா அரசு வாங்க என்று கூப்பிட்டு 16,000 பவுண்ட் கொடுத்து நிலையம் கட்டச் சொன்னது.

அதே சமயம் ஒரு கேள்வியும் எழுந்தது. டியூனிங் இல்லாத ரிசீவரில் எங்கோ வெட்டும் மின்னலும் டிக் என்றுதான் கேட்கும். நாடாவில் பதிவு இல்லை. கேட்டவர்கள் இருவர், இருவரும் ஒரே கம்பெனி ஆட்கள். எந்த எழுத்து எந்த நேரத்தில் வரும் என்று இருவருக்கும் முன்னாலேயே தெரியும். எதிர்பார்த்த சத்தத்தைக் காது தானாகவே உண்டாக்கிக் கொள்ளாதா?

மார்க்கோனி கோபப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தோடு நிற்கவில்லை. இரண்டே மாதத்தில், 1902 பிப்ரவரியில், 'ஃபிலடெல்ஃபியா' என்ற கப்பலில் ஏறினார். இந்தத் தடவை பட்டம் இல்லை. கப்பல் கம்பத்தில் ஆடாத ஆன்டெனா, டியூன் செய்த ரிசீவர், நாடாவில் அச்சாகும் புள்ளிகள். கப்பல் மேற்கே போகப் போக நாடாவில் கப்பல் கேப்டனே கையெழுத்துப் போட்டார். சுமார் 3,300 கிலோமீட்டருக்கும் அப்பால் வரை சிக்னல் பதிவானது. இனி யாரும் வாய் திறக்க முடியாது.

ஆனால் அதே நாடா இன்னொன்றையும் காட்டியது. அவ்வளவு தூரம் கிடைத்தது ராத்திரியில் மட்டும். பகலில் சுமார் 1,100 கிலோமீட்டரிலேயே சிக்னல் செத்துவிட்டது. சிக்னல் ஹில்லில் அவர் கேட்டதோ நடுப்பகலில்! தன்னை நிரூபிக்கப் போன சோதனையே தன் பழைய சோதனையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. பகலுக்கும் ராத்திரிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அவர் ஒளிக்கவில்லை, வெளியிட்டார்.

அந்த 1902-லேயே, மேலே வானத்தில் மின்சாரம் கடத்தும் ஒரு அடுக்கு இருக்க வேண்டும், அலை அதில் பட்டுத் திரும்புகிறது என்று கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியாகச் சொன்னார்கள். 1924-இல் ஆப்பிள்டன் அதைச் சோதனையில் காட்டினார். அதுதான் நாம் படிக்கும் அயனோஸ்பியர். பகல் வெயிலில் அதன் கீழ் அடுக்கு அலையை விழுங்கிவிடும் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. அதனால்தான் இன்றும் ஒரு சாரார் அவர் கேட்டது வெறும் மின்னல் இரைச்சல் என்கிறார்கள். இன்னொரு சாரார், அந்த டிரான்ஸ்மிட்டர் பல ஃப்ரீக்வென்சிகளில் சிதறி அனுப்பியது, அதில் உயர்ந்த ஒன்று வந்து சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள்.

மிச்ச வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1909-இல் பிரவுனோடு சேர்ந்து நோபல் பரிசு. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது, அவர் கம்பெனி ஆபரேட்டர்கள் அனுப்பிய செய்தியால் 700-க்கும் மேற்பட்ட உயிர்கள் பிழைத்தன. 1923-இல் முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தார், அதன் ஆட்சியில் பதவிகளும் வகித்தார். பெரிய மனிதர் என்பதற்காக இதை மறைக்கக் கூடாது. 1937 ஜூலை 20-ஆம் தேதி ரோமில், 63-ஆம் வயதில் இறந்தார். பிரிட்டனில் வயர்லெஸ் நிலையங்கள் எல்லாம் இரண்டு நிமிடம் வாய் மூடின. மணியில் தொடங்கிய வாழ்க்கைக்கு மௌனத்தில் மரியாதை.

முடிக்கும் முன் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். லேபில் 'ஜி' மதிப்பு 9.8 வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு, ரீடிங்கைப் பின்னாலிருந்து எழுதியவன் நான். நீங்களும் எழுதியிருப்பீங்க, சிரிக்காதீங்க. அப்போது அது பொய்யாகவே தோன்றவில்லை. வர வேண்டியது வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. சிக்னல் ஹில்லில் அந்த இயர்பீஸ் என் காதில் இருந்திருந்தால் எனக்கும் மூன்று டிக் கேட்டிருக்கும். கேட்காமல் இருக்குமா?

அந்த மதியம் மார்க்கோனிக்கு என்ன கேட்டது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மாதம் கழித்து, தன் காதை நம்பச் சொல்லாமல், நாடாவை எடுத்துக்கொண்டு கப்பலேறினாரே, அந்த மார்க்கோனியைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த தடவை ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எழுதும்போது அவரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. 9.3 வந்தால் 9.3 என்றே எழுதுங்க. வைவாவில் திட்டு விழுந்தால் விழட்டும்!