கேட் ஷெப்பர்டு: துடைப்பக் கம்பில் சுற்றிய மனு

ஆஸ்திரேலியாவுக்கும் தென்கிழக்கே, கடலுக்கு நடுவில் நியூசிலாந்து என்று ஒரு சின்ன நாடு இருக்கிறது. அந்த நாட்டு 10 டாலர் நோட்டில் இருப்பது கேட் ஷெப்பர்டு என்ற பெண்மணியின் முகம். மதுக்கடை பற்றி மனு கொடுக்கப் போனவர் அவர். கடைசியில் அந்த நாட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை கிடைக்கக் காரணமானார்.

கேட் பிறந்தது இங்கிலாந்தில் உள்ள லிவர்பூலில். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். 1869இல் அம்மாவோடும் கூடப்பிறந்தவர்களோடும் கப்பலேறி நியூசிலாந்து வந்து, கிரைஸ்ட்சர்ச் நகரில் குடியேறினார். 1871இல் வால்டர் ஷெப்பர்டு என்ற கடைக்காரரை மணந்தார். 1880இல் ஒரு மகன் பிறந்தான். வீடு, பிள்ளை, தேவாலய வேலை என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கைதான்.

அப்போது அங்கே குடி பெரிய பிரச்சினை. குடிக்கிறவனுக்கு ஒரு நாள் போதை. வீட்டில் இருக்கிறவங்களுக்கு மாசம் முழுக்கப் பட்டினியும் அடியும். இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1885இல் மேரி லெவிட் என்ற அம்மையார் அமெரிக்காவிலிருந்து வந்து, ஊர் ஊராகப் பேசி, கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கி வைத்தார். கேட் அதில் சேர்ந்தார். சங்கத்துப் பெண்கள் முதலில் கேட்டது ரொம்பப் பெரிய விஷயம் இல்லை. குழந்தைகளுக்கு மது விற்கக் கூடாது, மதுக்கடைகளில் சாராயம் ஊற்றிக் கொடுக்கும் வேலைக்குப் பெண்களை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். கையெழுத்து வாங்கி நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். கடையில் பெண்களை வேலைக்கு வைப்பது பற்றிய மனுவை, மனுக்களைப் பார்க்கும் குழு தள்ளுபடி செய்துவிட்டது.

ஏன் தள்ளினார்கள்? கேட் யோசித்துப் பார்த்தார். மதுக்கடைக்கு லைசன்ஸ் கொடுப்பது உள்ளூர் லைசன்ஸ் கமிட்டி. அந்தக் கமிட்டியைத் தேர்ந்தெடுத்தது சொத்துவரி கட்டுபவர்கள். சட்டம் போடும் நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்தது ஆண்கள் மட்டும். குடியால் அதிகம் கஷ்டப்பட்ட பெண்களிடம் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவங்க மனுவை யார் மதிப்பாங்க? ஆக, முதலில் ஓட்டு வேண்டும் என்று முடிவெடுத்தார்.

1887இல் ஓட்டுரிமை, சட்ட வேலைகளுக்கு நாடு முழுவதற்குமான பொறுப்பைச் சங்கம் அவரிடம் கொடுத்தது. கடிதம் எழுதினார், துண்டுப் பிரசுரம் போட்டார், கூட்டம் நடத்தினார். ஊர் ஊராகப் பெண்கள் வீட்டு வாசல்களில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். 1891இல் 9,000க்கும் மேல் கையெழுத்து. நிறைவேறவில்லை. 1892இல் ஏறத்தாழ 20,000. அப்போதும் நிறைவேறவில்லை. இன்னொரு பக்கம் மது வியாபாரிகளும் சும்மா இருக்கவில்லை. பெண்களுக்கு ஓட்டு வந்தால் கடைக்கு ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியும். மதுக்கடைகளிலேயே எதிர்மனு வைத்துக் கையெழுத்து சேர்த்தார்கள்.

1893இல் பெண்கள் மூன்றாவது முறையாக இறங்கினார்கள். இந்தத் தடவை ஏறத்தாழ 32,000 பேர். அங்கே குடியேறியிருந்த ஐரோப்பியப் பெண்களில், வயது வந்தவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர். வந்த தாள்களை எல்லாம் கேட் ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒரு துடைப்பக் கம்பில் சுற்றி அனுப்பி வைத்தார். ஜான் ஹால் என்ற உறுப்பினர் அதை அவைக்குள் உருட்டிவிட்டார். சுருள் அவிழ்ந்து அவிழ்ந்து மறுகோடி வரை ஓடியது. நீளம் 270 மீட்டர்.

மேலவையில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 20, எதிர்ப்பு 18. இரண்டே ஓட்டில் ஜெயித்தது! 1893 செப்டம்பர் 19 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை கொடுத்த முதல் நாடு நியூசிலாந்து. அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்களுக்கும் அந்த உரிமை கிடைத்தது.

தேர்தலுக்குப் பத்து வாரம்தான் இருந்தது. பெண்களெல்லாம் ஓட்டுப் போட வரமாட்டாங்க என்று பேசியவர்கள் உண்டு. கேட்டும் தோழிகளும் ஓய்வில்லாமல் பெயர் சேர்த்தார்கள். 1,09,000க்கும் மேற்பட்ட பெண்கள் பட்டியலில் சேர்ந்தார்கள். நவம்பர் 28 அன்று சுமார் 90,000 பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

சரி, மதுக்கடை என்ன ஆச்சு? அதே 1893இல் புதிய மதுவிற்பனைச் சட்டம் வந்தது. கடை பற்றிக் கேட்கும் உரிமை சொத்துவரி கட்டுபவர்களிடமிருந்து எல்லா வாக்காளர்களிடமும் வந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் மக்களிடம் மூன்று கேள்வி. லைசன்ஸ்கள் இப்படியே இருக்கட்டுமா? குறைக்கலாமா? ஒன்றுமே வேண்டாமா? அறவே வேண்டாம் என்றால் நூற்றுக்கு 60 பேர் அப்படிச் சொல்ல வேண்டும். 1894இல் கிளூத்தா வட்டாரம் லைசன்ஸ் வேண்டாம் என்று தீர்மானித்தது. பிறகு படிப்படியாக 12 வட்டாரங்கள் அப்படி முடிவெடுத்தன.

எல்லாம் நினைத்தபடி நடந்துவிடவில்லை. கடை மூடிய ஊரிலும், வெளியூரிலிருந்து வாங்கி வந்து வீட்டில் குடிப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. 1911இல் நாடு முழுக்க மதுவிலக்கு வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. பாதிக்கும் மேல், நூற்றுக்கு 55 பேருக்குச் சற்று அதிகமாக, வேண்டும் என்றார்கள். 60 தேவை என்பதால் அது தோற்றது. ஆனாலும் கடை வேண்டுமா என்ற கேள்வியைப் பெண்களிடமும் கேட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. முன்னால் மனுவைத் தள்ளியவர்கள், இப்போது அவர்கள் வீட்டு வாசலில் ஓட்டுக் கேட்டு நின்றார்கள்.

கேட் ஓய்ந்து உட்காரவில்லை. 1896இல் நியூசிலாந்துப் பெண்கள் தேசிய மன்றத்தின் முதல் தலைவரானார். பெண்கள் தேர்தலில் நிற்க 1919இல்தான் வழி கிடைத்தது. 1933இல் எலிசபெத் மெக்கோம்ப்ஸ் முதல் பெண் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் போனார். அதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு, 1934 ஜூலை 13 அன்று கேட் கண் மூடினார். கணவரையும் ஒரே மகனையும் அதற்கு முன்பே பறிகொடுத்திருந்தார்.

அந்த நீளமான மனுச் சுருள் இன்றும் வெலிங்டன் நகரில் பத்திரமாக இருக்கிறது. அதில் இருப்பது பெரிய மனிதர்கள் பெயர்கள் மட்டுமல்ல. தையல் வேலை செய்தவர், வீட்டு வேலை செய்தவர், பிள்ளை வளர்த்தவர் என்று நம்மைப் போன்றவர்கள் பெயர்கள்தான் அதிகம். சகோதரிகளே, குழுவின் தீர்மான நோட்டிலோ கிராம சபை மனுவிலோ அடுத்த முறை கையெழுத்துப் போடும்போது, இது ஒண்ணால என்ன ஆகப்போகுது என்று நினைக்காதீங்க. மூன்றாவது மனுவில்தான் அவர்கள் ஜெயித்தார்கள்.