திருச்சுழி தந்த மகான்

  

பெரியவங்க வாழ்க்கைன்னா அதுல பெரிய பெரிய சம்பவமா நடந்திருக்கும்னு நாம நினைக்கிறோம். ஆனா நம்ம விருதுநகர் மாவட்டத்துல பிறந்து உலகமே அறிந்த ஒருவரின் வாழ்க்கையை மாற்றியது ஒரு ஊர்ப் பெயரும் ஒரு இம்போசிஷனும்தான்! அவர்தான் ரமண மகரிஷி.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தார். அப்பா சுந்தரம் அய்யர், வக்கீல். அம்மா அழகம்மாள். வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். 1892-ல் அப்பா இறந்துவிட, மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். படிப்பைவிட விளையாட்டில்தான் ஆர்வம் அதிகம். ஆமாம், நம்மில் பலரைப் போலத்தான்!

1895 நவம்பரில் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவரை, எங்கிருந்து வருகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். அருணாசலத்திலிருந்து என்று பதில் வந்தது. அப்படி ஒரு ஊர் பூமியில் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். காரணம் புரியாத ஒரு சந்தோஷம் மனதில் புகுந்துகொண்டது.

1896 ஜூலையில் மாடி அறையில் தனியாக இருந்தபோது, உடம்பில் ஒரு நோயும் இல்லாமலே திடீரென்று மரண பயம் வந்தது. நாமாக இருந்தால் அலறியிருப்போம். 16 வயது வேங்கடராமன் யாரையும் கூப்பிடவில்லை. கட்டையைப் போலப் படுத்து, சாவது உடம்பா, நானா என்று தனக்குள்ளேயே தேடிப் பார்த்தார். உடம்புக்கு மேல் ஒன்று இருக்கிறது என்ற தெளிவு பிறந்தது. பயம் போயே போச்சு!

அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, படிக்காததற்குத் தண்டனையாக ஆங்கில இலக்கணப் பாடத்தை 3 முறை எழுத உட்கார்ந்தார். பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். அண்ணன் கடிந்துகொண்டார். கல்லூரிச் சம்பளம் கட்ட அண்ணன் சொன்ன 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு ரயில் ஏறினார். கையில் இருந்த காசு வழியிலேயே தீர்ந்துவிட்டது. கால் வலிக்க நடந்தார். கீழூரில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் கோகுலாஷ்டமிச் சாப்பாடு கிடைத்தது. அந்த வீட்டு அம்மா பலகாரப் பொட்டலமும் கட்டிக் கொடுத்தார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

நண்பர்களே, இம்போசிஷன் கொடுத்தா நாமும் ஓடிடலாம்னு யாரும் நினைச்சிடாதீங்க! மகனைத் தேடி அந்தத் தாய் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1898-ல் நேரில் வந்து அழுது கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. ஆனால் 1916-ல் அம்மாவே மலைக்கு வந்து மகனோடு தங்கினார், அடியார்களுக்குச் சமைத்துப் போட்டார். 1922-ல் அம்மா காலமானார். அவர் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது.

இவ்வளவு பெயர் வந்த பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? விடியும் முன்பே அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கினார்! சிந்திக் கிடக்கும் அரிசி மணியைக்கூட வீணாக விடமாட்டார். தனக்கென்று தனிப் பலகாரம் வைத்தால் வாங்கமாட்டார், பந்தியில் எல்லோருக்கும் உண்டானதுதான் அவருக்கும். அணிலும் மயிலும் அவரிடம் பயமில்லாமல் வரும. லட்சுமி என்ற பசு 1948-ல் இறந்தபோது பக்கத்திலேயே இருந்து, முறையாக அடக்கம் செய்ய வைத்தார். 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார்.

சாமியைத் தேடி மலைக்குப் போனவர் கடைசியில் காய் நறுக்குவதையும் பூசையைப் போலவே செய்தார். நம்ம வீடுகளில் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போகும் அம்மாக்கள் விடியும் முன்னே எழுந்து சோறு பொங்கி, தூக்குச் சட்டியில் கட்டுகிறார்கள். பொழுது சாய்ந்து அவர்கள் நல்லபடியா வாசலில் வந்து நிற்கும் அந்த நிமிஷத்தைவிட நமக்கு வேறென்ன சந்தோஷம் வேண்டும்? தினமும் நடப்பதால் நாம்தான் அதைக் கவனிப்பதில்லை.

இன்று சாயந்தரம் கவனிப்போம் நண்பர்களே! திருச்சுழிக்குப் போனால் அவர் பிறந்த வீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.