தராசைச் சான்றாக்கிய ஜோசப் புரூஸ்ட்

தூய நீரை எந்நாட்டு ஆற்றிலிருந்து வடித்தெடுத்தாலும் அதில் ஒரு பங்கு நிறை ஐதரசனும் எட்டுப் பங்கு நிறை ஒட்சிசனுமே இருக்கும். நம் பிள்ளைகள் இதனை மாறா விகித விதி என்று ஒரே வரியில் மனனஞ் செய்துவிடுகின்றனர். அவ்வொரு வரிக்காக ஓர் அறிஞர் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் வாதாட நேர்ந்ததை நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஜோசப் லூயி புரூஸ்ட் 1754 செப்டெம்பர் 26ஆம் நாள் பிரான்சின் ஆஞ்சே நகரில் பிறந்தார். தந்தையார் மருந்து வணிகர். ஆதலின் தராசு அவருக்குப் பிள்ளைப் பருவத்திலேயே பழகிய பொருள். பாரிசு மாநகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் தலைமை மருந்தாளராகப் பணிபுரிந்தார். 1784இல் பிலாத்திர் டி ரோசியே என்பாருடன் வெப்பக்காற்றுக் கூண்டில் ஏறி, மன்னர் காண வெர்சாயில் வானிற் பறந்தார். மறு ஆண்டு அதே ரோசியே மற்றொரு பறப்பில் உயிரிழந்தார். புரூஸ்ட்டோ ஸ்பெயின் நாட்டுக்கு ஆசிரியராகச் சென்று, செகோவியா பீரங்கிப் படைப் பள்ளியிலும் பின்னர் மட்ரிட் அரச ஆய்வுகூடத்திலும் பணியாற்றினார்.

அங்கே அவர் செய்த சோதனை எளிமையானது. நூறு பங்கு செம்பை அமிலத்திற் கரைத்து, சோடியங் காபனேற்றைச் சேர்த்தார். கிடைத்த பச்சைப் படிவை உலர்த்தி நிறுத்தபோது நூற்றெண்பது பங்கு இருந்தது. எத்தனை முறை செய்யினும் அதே நூற்றெண்பது! மண்ணிலிருந்து அகழ்ந்த பச்சைச் செப்புக் கனியத்தின் அமைப்பும் இதனையே ஒத்திருந்தது. ஆய்வுகூடத்தில் மனிதன் ஆக்கினும் நிலத்தடியில் இயற்கை ஆக்கினும் சேர்வையின் விகிதம் ஒன்றே என 1799இல் அறிவித்தார். நம் சித்த மருத்துவர் அறிந்த சாதிலிங்கமும் யப்பானில் கிடைப்பினும் ஸ்பெயினில் கிடைப்பினும் ஒன்றே என்பது அவர் கொள்கை.

இதனை மறுத்தவர் சாமானியர் அல்லர். நெப்போலியனுடன் எகிப்து சென்று வந்த பெர்த்தொலே, அக்காலப் பிரான்சின் முன்னணி இரசாயன அறிஞர். உலோகங்களைச் சூடாக்கும்போது அவை ஏற்கும் ஒட்சிசன் சிறிது சிறிதாக மிகுவதை எடுத்துக்காட்டி, விகிதம் மாறக்கூடியதே என்றார். புரூஸ்ட் அப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பகுத்தார். வெள்ளீயத்துக்கு இரண்டே ஒட்சைட்டுகள். இடைப்பட்டவையாகத் தோன்றியவை யாவும் அவ்விரண்டின் கலவைகள் எனக் காட்டினார். சேர்வை வேறு, கலவை வேறு என்னும் தெளிவு இவ்விவாதத்தினாலேயே வேரூன்றியது. இருவரும் கடைசிவரை மரியாதை குன்றாது வாதிட்டனர் என்பது நாம் வியக்கத்தக்கது.

வெற்றியின் விளிம்பில் புரூஸ்ட் ஒன்றைத் தவறவிட்டார். நூறு பங்கு வெள்ளீயத்துடன் ஓர் ஒட்சைட்டில் 13.5 பங்கு ஒட்சிசனும் மற்றதில் 27 பங்கும் சேர்கின்றன. சரியாக இரு மடங்கு. அவரோ ஒட்சைட்டை நூறாக வைத்துக் கணக்கிட்டமையால் அவ்வொழுங்கு மறைந்து நின்றது. மடங்கு விகிதத்தைக் கண்டு அதனை அணுக்கொள்கையால் விளக்கும் பெருமை இங்கிலாந்தின் டால்டனுக்குச் சென்றது. பெர்த்தொலேயும் முற்றாகப் பிழைத்தவரல்லர். சில இரும்பு ஒட்சைட்டுகள் போன்ற திண்மங்களில் விகிதம் சிறிது மாறுபடும் என்பது இருபதாம் நூற்றாண்டில் உறுதியாயிற்று. அத்தகையன அவர் பெயராலேயே வழங்கப்பட்டன.

1806இல் புரூஸ்ட் பிரான்சுக்குத் திரும்பினார். 1808இல் நெப்போலியனின் படை ஸ்பெயினுட் புகுந்தது. அந்தப் போரில் மட்ரிட் ஆய்வுகூடம் அழிந்தது. தாம் ஆண்டுக்கணக்கிற் சேர்த்த கருவிகளை, தம் சொந்த நாட்டுப் படையெடுப்பினாலேயே அவர் இழந்தார். கடல் வணிகம் தடைப்பட்டுக் கரும்புச் சர்க்கரை அரிதான காலம் அது. திராட்சையிலிருந்து சர்க்கரை எடுக்கும் அவரது முறையைத் தொழிலாக்க நெப்போலியன் பெருந்தொகை அளிக்க முன்வந்தபோது, வறுமையிலிருந்தும் அவர் அதனை ஏற்கவில்லை. 1816இல் பிரெஞ்சு அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக்கியது. பின்னர் பிறந்த ஊரான ஆஞ்சேயில் மீண்டும் குடும்ப மருந்தகத்தை நடத்தி, 1826 யூலை 5ஆம் நாள் அங்கேயே காலமானார்.