சாலையைப் படித்தவர்

நுழையும்முன்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் பேருந்தில் செல்வோர், ஒரே பயணத்தில் இருவேறு சாலைகளைக் காண்பர். சமவெளியில் பேருந்து சீராக ஓடும். மலைவளைவுகளில் சாய்ந்தும் குலுங்கியும் ஏறும். அந்தக் குலுக்கல் முழுவதும் பயணியின் உடலைத் தாக்காமல் காப்பவை டயர்களும் வில்களுமே. அவற்றைப் பேணுவதில்தான் போக்குவரத்தின் நம்பகத்தன்மை அடங்கியிருக்கிறது. தென்னகத்தில் மோட்டார்ப் போக்குவரத்துக்கு அடித்தளமிட்ட ஒருவர், கரடுமுரடான சாலைகளில் அந்த நம்பகத்தன்மையை எவ்வாறு உருவாக்கினார் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் பணியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த திருக்குறுங்குடி, நம்பி கோயிலால் புகழ்பெற்ற ஊர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அவ்வூரில் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் டி. வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி வழக்கறிஞராக வாழ்க்கையைத் தொடங்கிய அவர், பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். மாதந்தோறும் தவறாமல் ஊதியம் தரும் வேலையே மதிப்புக்குரியது என்று படித்த குடும்பங்கள் எண்ணிய காலம் அது. கிடைத்த வேலையைக் காத்துக்கொள்வதே அறிவுடைமை எனக் கருதப்பட்ட சூழலில், அவர் அதனை உதறிவிட்டுத் தொழிலில் இறங்கினார். 1911ஆம் ஆண்டில் தம் பெயரில் நிறுவனத்தைத் தொடங்கினார். 1912இல் பேருந்துகளை இயக்கலானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

அக்காலத்தில் நெடுந்தூரம் செல்ல இரயில் இருந்தது. ஆனால், இரயில் நிலையத்திலிருந்து விலகியிருந்த ஊர்களுக்கு மாட்டுவண்டியே துணை. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும், விளைபொருளைச் சந்தையில் சேர்ப்பதும் மாட்டின் நடைவேகத்தைப் பொறுத்தே அமைந்தன. மோட்டார்ப் பேருந்து அந்த இடைவெளியை நிரப்பக்கூடியதுதான். எனினும், மக்கள் அதனை நம்ப வேண்டுமானால், அது சொன்ன நேரத்திற்கு வந்து சேர வேண்டும். அன்றைய சாலைகளில் அது எளிதாக இல்லை.

அன்றைய சாலையும் வண்டியும்

அன்றைய சாலைகளிற் பெரும்பாலானவை மண்சாலைகளும் கப்பிச்சாலைகளுமே. மாட்டுவண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டா போடப்பட்டிருந்தது. பாரம் ஏற்றிய வண்டிகள் ஒரே தடத்தில் சென்று சென்று சாலையில் ஆழமான பள்ளங்களை ஏற்படுத்தின. மாடுகளின் கால்களில் அடித்த லாடங்களிலிருந்து கழன்ற ஆணிகள் வழியெங்கும் சிதறிக் கிடந்தன. மாட்டுவண்டிக்கு இவை தடையல்ல. ரப்பர் டயரில் ஓடும் பேருந்துக்கோ ஒவ்வோர் ஆணியும் ஒரு பகை.

காற்றடைத்த டயரும் அப்போது பழமையான பொருளன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும், அது வழக்கத்துக்கு வரவில்லை. 1888இல் கால்நடை மருத்துவரான ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த டயருக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே அது பரவியது. 1895இல் பிரான்சு நாட்டின் மிச்செலின் சகோதரர்கள் பாரிசு – போர்டோ மோட்டார் பந்தயத்தில் காற்றடைத்த டயர்களைப் பொருத்திக் காரை ஓட்டினர். கெட்டி ரப்பர் டயர் ஆணிக்கு அஞ்சுவதில்லை. ஆனால், சாலையின் ஒவ்வொரு கல்லையும் பயணிக்கு உணர்த்திவிடும். காற்றடைத்த டயர் கல்லைத் தன்னுள் வாங்கி அதிர்வைக் குறைக்கும். ஆனால், ஆணிக்கு எளிதில் இரையாகும். பயணியின் சுகமும் டயரின் ஆயுளும் ஒன்றுக்கொன்று எதிராக நின்ற சிக்கல் இது.

ஆணியும் காந்தமும்

மதுரையை மையமாகக் கொண்டு சதர்ன் ரோட்வேஸ் என்னும் பெயரில் வளர்ந்த சுந்தரம் ஐயங்காரின் பேருந்துகளுக்கு இச்சிக்கல் அன்றாடச் சோதனையாயிற்று. ஓர் ஆணி குத்தினால் பேருந்து நடுவழியில் நிற்கும். சக்கரத்தைக் கழற்றி, டியூபை வெளியே எடுத்து ஒட்டி, மீண்டும் காற்றடிக்க நெடுநேரமாகும். அந்தத் தாமதத்தால் இரயிலைத் தவறவிடுபவர், சந்தையைத் தவறவிடுபவர், வழக்குமன்றத்திற்கு உரிய நேரத்தில் செல்ல இயலாதவர் எனப் பலரும் இழப்புக்கு ஆளாவர். பழுது சிறியது, அதன் விளைவு பெரியது.

இதற்கு அவர் கண்ட தீர்வு இன்றும் தென்மாவட்ட மக்களால் வியந்து பேசப்படுகிறது. காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் செலுத்தி, சிதறிக் கிடந்த ஆணிகளை அவர் அகற்றச் செய்தார் என்பர். டயர் துளைபட்ட பின் அதனை ஒட்டுவதில் விரைவு காட்டுவது ஒரு திறமை. துளைபடாதவாறு சாலையையே தூய்மை செய்வது அதனினும் மேலான திறமை. தம் வண்டிக்காக அகற்றிய ஆணி, அச்சாலையில் செல்லும் பிறருடைய வண்டிகளையும் வெறுங்காலுடன் நடப்போரையும் காத்தது என்பதும் கருதத்தக்கது.

டி.வி.எஸ். பேருந்து கடந்து செல்வதைப் பார்த்து மதுரை மக்கள் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர் என்னும் வழக்கு, நேரந்தவறாமைக்கு அவர் பெற்ற புகழைக் காட்டும். அந்தப் புகழுக்குப் பின்னால் அகற்றப்பட்ட ஆணிகளும் முறையாகப் பேணப்பட்ட சக்கரங்களும் இருந்தன.

தேய்மானம் உணர்த்தும் செய்தி

பேருந்து நடத்துவோர் அறிய வேண்டிய அடிப்படை உண்மைகள் சில உள. டயரே வண்டியின் முதல் வில். சிறு கற்களின் அதிர்வை அதிலுள்ள காற்று தாங்குகிறது. பெரும்பள்ளங்களின் அதிர்வைத் தாங்குவது, எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த பட்டைவில். பள்ளத்தில் இறங்கிய வில் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இராமல் அடக்குவது அதிர்வுதாங்கி. இம்மூன்றும் இணைந்து செயற்பட்டால்தான் பயணம் இனிதாகும். டயரும் நெடுநாள் உழைக்கும்.

டயரில் காற்று அளவுக்கு மிஞ்சினால் வண்டி குதிக்கும். டயரின் நடுப்பகுதி விரைந்து தேயும். காற்று குறைந்தால் பயணம் மென்மையாகத் தோன்றும். ஆனால், இரு ஓரங்களும் தேய்ந்து, டயர் சூடேறி வெடிக்கவும் நேரிடும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். மிகக் கடினமான வில்லைப் பொருத்தினால் பாரம் தாங்கும். ஆனால், வண்டி வெறுமையாக ஓடும்போது தூக்கிப்போடும். மிக மென்மையான வில்லைப் பொருத்தினால் பாரமேற்றும்போது வண்டி தாழ்ந்து, வளைவுகளில் சாயும். அதிர்வுதாங்கி பழுதானால் சக்கரம் சாலையில் துள்ளித் துள்ளி விழுந்து, டயர் திட்டுத் திட்டாகத் தேயும். எனவே, தேய்ந்த டயரைக் கூர்ந்து பார்ப்பவருக்கு வண்டியின் குறை எங்கே உள்ளது என்பது புலப்படும்.

போர்க்காலச் சோதனை

இரண்டாம் உலகப்போர் சுந்தரம் ஐயங்காரின் தொழிலுக்குப் பெருஞ்சோதனையாக வந்தது. 1942இல் மலேயாவும் அதனை அடுத்துள்ள தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. உலகின் இயற்கை ரப்பரிற் பெரும்பகுதி அங்கிருந்தே கிடைத்து வந்தமையால் டயர் கிடைப்பது அரிதாயிற்று. சென்னை மாகாணத்தில் பெட்ரோல் தட்டுப்பாடும் ஏற்பட்டது. பேருந்துகள் நின்றால் ஊர்களின் வாழ்வே தடைபடும் நிலை.

பெட்ரோலுக்கு மாற்றாகக் கரியிலிருந்து எரிவளி உண்டாக்கி வண்டியை இயக்கும் கருவியை வடிவமைத்து, டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்னும் பெயரில் அவர் தயாரித்தார். தேய்ந்த டயருக்குப் புதிய மேற்பரப்பை ஒட்டி மீண்டும் ஓடச்செய்யும் ரீட்ரெடிங் தொழிற்சாலையையும் அவர் நிறுவினார். டயரின் மேற்பரப்பு தேய்ந்தாலும், அதனைத் தாங்கும் உள்ளுடல் வலுவோடு இருந்தால் அதற்கு மறுவாழ்வு அளிக்கலாம். ஆனால், குறைந்த காற்றிலும் மிகுந்த பாரத்திலும் ஓடி உள்ளுடல் சிதைந்த டயரை எந்தத் தொழிற்சாலையாலும் மீட்க இயலாது. நாள்தோறும் பேணப்பட்ட டயரே மறுவாழ்வுக்குத் தகுதி பெறுகிறது.

மலைப்பாதையில் அந்தப் பாடம்

சுந்தரம் ஐயங்கார் எதிர்கொண்ட சிக்கல் இன்று முற்றிலும் மறைந்துவிடவில்லை, வடிவம் மாறியிருக்கிறது. தார்ச்சாலைகளில் லாட ஆணிகள் அரிதாகிவிட்டன. ஆனால், கல்வராயன் மலைப்பாதையில் ஏறும் பேருந்து, வளைவுகளில் தன் எடையை ஒருபுறமாகச் சாய்க்கிறது. முன்சக்கர டயர்களின் ஓரங்கள் விரைந்து தேய்கின்றன. இறக்கத்தில் தடையை விடாது அழுத்தினால் சக்கரம் சூடேறுகிறது. ஆகவே, தேர்ந்த ஓட்டுநர் குறைந்த கியரில் இறங்குகிறார். மழைக்காலத்தில் தேய்ந்த டயர் நீரை வெளியேற்றாமல் வழுக்குகிறது.

இத்தகைய பாதைக்கு, தோற்றப் பொலிவுக்காக விளிம்பு பெருத்துப் பக்கச்சுவர் குறுகிய டயரைத் தம் காருக்குத் தேர்ந்தெடுப்பவர், பள்ளங்களின் அதிர்வை நேரே உடலில் வாங்குவார். சக்கர விளிம்பும் நெளியும். சாலைக்கும் பாரத்துக்கும் ஏற்ற டயரைத் தேர்ந்து, சரியான காற்றழுத்தத்தைப் பேணுபவரே சுகமாகவும் சிக்கனமாகவும் பயணம் செய்வார். மலையூரிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவருக்கும் மருத்துவமனைக்கு வரும் தாய்க்கும், பணிமனையில் விடியற்காலையில் டயரைத் தட்டிப்பார்க்கும் தொழிலாளியின் கையே முதற்காவல்.

விட்டுச்சென்ற மரபு

சுந்தரம் ஐயங்கார் 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கொடைக்கானலில் மறைந்தார். அவருக்குப்பின் அவர்தம் மக்கள் அதே வழியில் தொழிலை விரிவாக்கினர். 1960இல் சக்கரங்களையும் 1962இல் தடைக்கருவிகளையும் செய்யும் நிறுவனங்கள் சென்னையை அடுத்த பாடியில் தோன்றின. 1980களில் மதுரைக்கு அருகில் டயர்த் தொழிற்சாலையும் எழுந்தது. 1970களின் தொடக்கத்தில் பேருந்துகள் நாட்டுடைமையானபோது, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. தனியார் ஒருவர் தொடங்கிய பணி பொதுமக்களின் உடைமையாக மலர்ந்தது.

பெருந்தொழிலைக் கட்டியெழுப்பியவர் என்று சுந்தரம் ஐயங்காரை உலகம் போற்றுகிறது. அத்தொழிலின் வேர் சாலையில் கிடந்த சிற்றாணியைப் பொருட்படுத்திய கவனத்தில் இருந்தது. பழுது நேர்ந்தபின் வருந்துவதைவிட, நேராமற் காப்பதே பயணிக்குச் செய்யும் உண்மையான மரியாதை என்பதை அவரது வாழ்க்கை உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம், இளமையிலேயே கணவரை இழந்தவர். பெற்றோரின் துணையுடன் தில்லியில் மருத்துவம் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். 1940இல் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இருவரும் 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினர்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள டயர் பழுதுபார்க்கும் கடைக்குச் சென்று, தேய்ந்த டயர்கள் மூன்றினைப் பார்வையிட்டு, அவை தேய்ந்த விதத்தையும் அதற்கான காரணத்தையும் எழுதுக.

2. மிதிவண்டியில் காற்று குறைவாக இருக்கும்போதும் சரியாக இருக்கும்போதும் நீங்கள் உணரும் வேறுபாட்டை வகுப்பறையில் கலந்துரையாடுக.