அளவறியாமல் வந்த மருந்து

லித்தியம் மாத்திரை உட்கொள்பவர்களின் குடும்பத்தினர் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். நோய் அடங்கிவிட்டது, வேலைக்கும் போகிறார், உறக்கமும் சீராக இருக்கிறது. பிறகு எதற்காகச் சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கச் சொல்கிறீர்கள் என்பதே அது. மனநல மருத்துவன் என்ற முறையில் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பற்றி எடுத்துச் சொல்வேன். அதைக் காட்டிலும், இம்மருந்தின் பயனைக் கண்டறிந்தவரின் வாழ்க்கையைச் சொல்வதே தக்க விடையாகும் என்று இப்போது தோன்றுகிறது.

ஜான் கேய்ட் 1912 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ட்டோவா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையும் மருத்துவர். முதல் உலகப் போருக்குச் சென்று மனம் களைத்துத் திரும்பிய அவர், தனி மருத்துவத் தொழிலைக் கைவிட்டு அரசு மனநல மருத்துவமனைகளில் பணியேற்றார். குடும்பம் அம்மருத்துவமனை வளாகங்களிலேயே குடியிருந்தது. ஆகவே பிறர் மதிற்சுவருக்கு வெளியே நின்று அஞ்சிய மனிதர்களை, அண்டை வீட்டாரைப் போல அன்றாடம் கண்டு வளர்ந்தவர் கேய்ட். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பயின்று இளம் வயதிலேயே மருத்துவரானார். கடும் நிமோனியாவால் உயிருக்குப் போராடியபோது தம்மைப் பேணிய செவிலியர் ஜீனையே பின்னர் மணந்துகொண்டார்.

இரண்டாம் உலகப் போர் அவரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுசென்றது. 1942 பிப்ரவரியில் அந்நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது இராணுவ மருத்துவராக இருந்த அவரும் கைதியானார். மூன்றரை ஆண்டுகள் சாங்கி முகாமில் பசியோடும் நோயோடும் கழிந்தன. அங்கும் மனநோயாளிகளைக் கவனிப்பதே அவர் பணி. மனநோயின் வேர் உடலில்தான் இருக்கவேண்டும், ஏதோ ஒரு பொருள் மிகுவதாலோ குறைவதாலோ மனம் நிலைகுலைகிறது என்ற எண்ணம் அம்முகாமில் வலுப்பெற்றது என்பர். தைராய்டு சுரப்பு மிகுந்தால் ஒரு நோய், குறைந்தால் வேறொரு நோய் என்பதைப் போல, மிகையெழுச்சியும் மனச்சோர்வும் ஒரே பொருளின் இரு எல்லைகளாக இருக்கலாம் என்று அவர் கருதினார். இக்கருத்து தவறானது. மருத்துவ வரலாற்றில் இத்தனை நற்பயன் விளைத்த பிழை மிகச் சிலவே இருக்கும்.

விடுதலை பெற்று வந்தவர் மெல்பர்னை அடுத்த பன்டூராவில், முன்னாள் படைவீரர்களுக்கான மனநல மருத்துவமனையில் பணியேற்றார். பயன்படாமற்கிடந்த ஒரு சமையல் சரக்கறை அவருடைய ஆய்வுக்கூடமாயிற்று. நோயாளிகளின் சிறுநீர் சேகரித்த குப்பிகள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் உணவுப்பொருள்களின் அருகே இடம்பிடித்தன. ஜீன் அம்மையாரின் பொறுமையைப் பற்றித் தனியே எழுதவேண்டும். அச்சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தி, அதிலுள்ள எப்பொருள் நஞ்சாகிறது என்று தேடினார். யூரிக் அமிலத்தை ஆராய வேண்டியிருந்தது. அது நீரில் எளிதில் கரையாது. நன்கு கரையும் அதன் உப்பு லித்தியம் யூரேட். லித்தியம் அவருடைய ஆய்வுக்குள் நுழைந்தது இவ்வாறே. லித்தியம் செலுத்தப்பட்ட விலங்குகள் துள்ளல் ஒடுங்கி அமைதியாகிவிட்டன. மல்லாத்திப் போட்டாலும் எழ முயலாமல் கிடந்தன. அந்த அமைதியே நச்சேற்றத்தின் அறிகுறியாக இருந்திருக்கலாம் என்று பின்வந்தோர் பலர் கருதினர். கேய்ட் அதில் ஒரு மருந்தைக் கண்டார். முதலில் தாமே உட்கொண்டு பார்த்தார். தமக்குத் தீங்கு ஏதும் நேராததால், 1948 மார்ச் 29 அன்று ஒரு நோயாளிக்குக் கொடுத்தார்.

அந்நோயாளிக்கு வயது 51. ஐந்தாண்டுகளாக ஓயாத மிகையெழுச்சியில் உழன்றவர். குணமாவார் என்ற நம்பிக்கையை எவரும் வைத்திருக்கவில்லை. சில வாரங்களில் அவர் அமைதியடைந்தார். ஜூலையில் வீடு திரும்பி, தாம் முன்பு பார்த்த வேலைக்கே சென்றார். நலமடைந்தவர் செய்வதையே அவரும் செய்தார்: மாத்திரையைக் கைவிட்டார். ஆறு மாதங்களில் நோய் மீண்டும் அவரை மருத்துவமனையில் சேர்த்தது. 1949 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் கேய்டின் கட்டுரை வெளிவந்தது. மிகையெழுச்சி கொண்ட பத்து நோயாளிகளின் முன்னேற்றத்தைக் கூறும் அக்கட்டுரையில் முதலாமவர் இவரே.

பெரும்பாலான கட்டுரைகள் கேய்டின் கதையை இந்த வெற்றியோடு நிறுத்திவிடுகின்றன. நான் அதற்கு அடுத்த பகுதியைத்தான் நோயாளிகளின் குடும்பத்தினர் அறியவேண்டும் என்பேன். அம்மனிதருக்கு மருந்தைக் கொடுத்தால் உடல் தாளவில்லை. நிறுத்தினால் நோய் பொங்கி எழுந்தது. நிறுத்துவதும் தொடங்குவதுமாகக் காலம் சென்றது. 1950 மே மாதத்தில் அவர் லித்தியம் நச்சேற்றத்தால் இறந்தார். குணப்படுத்திய மருந்தே உயிரையும் வாங்கியது. கேய்டிடம் திறமையோ அக்கறையோ குறைந்திருக்கவில்லை. நோயாளியின் இரத்தத்தில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்ற எண் ஒன்றுதான் அவரிடம் இல்லை. கண்ணால் பார்த்தே அளவை மதிப்பிட்டார். அந்த மரணத்துக்குப் பின் அவர் தம் மருத்துவமனையில் லித்தியத்தை நிறுத்திவிட்டார்.

அதே காலத்தில் அமெரிக்காவில், இதய நோயாளிகளுக்குச் சமையலுப்புக்கு மாற்றாக விற்கப்பட்ட லித்தியம் குளோரைடு சிலரின் உயிரைப் பறித்தது. 1949இல் அது விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது. காரணம் இன்று நமக்குத் தெரியும். சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே நடத்துகிறது. உடலில் உப்பும் நீரும் குறைந்தால் சோடியத்தை வெளியேறவிடாமல் மீட்டுக்கொள்ளும். அதனோடு லித்தியத்தையும் மீட்டுக்கொள்ளும். உப்பை விலக்கிய நோயாளிக்கு லித்தியத்தையே உப்பாகக் கொடுத்தால் என்னாகும் என்பதை யாரும் எண்ணிப்பார்க்கவில்லை. கடும் வயிற்றுப்போக்கிலும் கோடை வெயிலில் வியர்த்து ஓய்ந்த நாளிலும், அதே மாத்திரை, அதே அளவு, இரத்தத்தில் மட்டும் ஏறிவிடுவதும் இதனால்தான். மூட்டுவலிக்கு நாமே கடையில் வாங்கி விழுங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவையும், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் இதே தீங்கைச் செய்யவல்லவை.

கேய்ட் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர்கள் அதே மெல்பர்னைச் சேர்ந்தவர்கள். ஜெர்மனியில் பிறந்த டிரவுட்னர் என்னும் பல்கலைக்கழக ஆய்வாளரும் நோவாக் என்னும் மனநல மருத்துவரும் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்து, இரத்தத்தில் அதன் அளவைக் கண்காணித்து 1951இல் முடிவுகளை வெளியிட்டனர். சுடரில் தெளிக்கப்படும் கரைசல் உமிழும் ஒளியின் நிறத்தையும் செறிவையும் கொண்டு உலோகத்தின் அளவைக் காட்டும் சுடர் ஒளிமானி அப்போதுதான் மருத்துவமனைகளை எட்டியிருந்தது. கேய்டின் பெயரை அறிந்தவர்களில் டிரவுட்னரின் பெயரை அறிந்தவர் அரியர். இது எனக்கு நெடுநாளைய மனக்குறை. 1954இல் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோவ் முறையான ஒப்பீட்டு ஆய்வால் லித்தியத்தின் பயனை உறுதிப்படுத்தினார். ஆயினும் அமெரிக்காவில் இசைவு கிடைக்க 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய மரணங்களின் அச்சம் ஒரு காரணம். காப்புரிமை பெற இயலாத மலிவான உப்பைத் தூக்கிப்பிடிக்க எந்த நிறுவனத்துக்கும் ஆர்வமில்லாதது மற்றொன்று.

இன்று இலக்கு தெளிவாக இருக்கிறது. பெரும்பாலோர்க்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை, 1.5ஐத் தாண்டினால் நச்சேற்றத்தின் எல்லை. பயனுக்கும் நஞ்சுக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி கொண்ட மருந்துகள் சிலவே. கடைசி மாத்திரை உண்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கவேண்டும். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தால் அந்த எண் பொய் சொல்லும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றையும் அவ்வப்போது பார்க்கவேண்டும். கை கடுமையாக நடுங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, வாந்தியும் பேதியும் தொடர்ந்தாலோ அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல் உடனே மருத்துவரிடம் வரவேண்டும். நலமாக இருக்கிறோம் என்று தாமாகவே நிறுத்துவதும் ஆபத்தே. அந்த முதல் நோயாளியின் ஆறு மாதங்கள் அதற்குச் சான்று.

கேய்ட் 1952இல் மெல்பர்னின் ராயல் பார்க் மனநல மருத்துவமனைக்குத் தலைமை ஏற்று, 1977 வரை அப்பொறுப்பில் இருந்தார். தாம் கைவிட்ட மருந்து, பிறர் கண்ட இரத்தப் பரிசோதனையின் துணையோடு திரும்பி வந்ததையும், உலகெங்கும் இருமுனை மனநோயின் முதன்மை மருந்தானதையும் கண்ணாரக் கண்டார். 1974இல் ஷோவுடன் இணைந்து சர்வதேச விருதொன்றும் பெற்றார். 1980 நவம்பர் 16 அன்று புற்றுநோயால் காலமானார்.