தோல் வணிகத்திலிருந்து பொதுவாழ்வுக்கு: காயிதே மில்லத் காட்டிய வழி

உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நம் ஊர்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். கடை வைத்து, ஏற்றுமதி செய்து, வெளிநாட்டில் உழைத்து நான்கு காசு சேர்த்தவர்கள் வேட்பாளர்களாக வந்து நிற்பார்கள். வணிகர் அரசியலுக்கு வருவதில் தவறு ஏதுமில்லை. வந்த பிறகு அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையே சமுதாயம் கவனிக்க வேண்டும். இதற்கு அளவுகோலாக வைக்கத் தகுந்த ஒரு வாழ்க்கை நம்மிடமே இருக்கிறது. அது கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் வாழ்க்கை.

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலி பேட்டையில் அவர்கள் பிறந்தார்கள். தந்தை மியாகான் ராவுத்தர் மார்க்கக் கல்வியும் வணிகமும் அறிந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளைக்கு மார்க்கப் பற்றையும் ஒழுக்கத்தையும் ஊட்டி வளர்த்தவர் தாயார். பள்ளி மாணவராக இருந்தபோதே, 1909ல், பேட்டையில் முஸ்லிம் இளைஞர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அப்போது வயது 13. பிற்காலத்தில் டெல்லி நாடாளுமன்றம் வரை சென்ற பொதுவாழ்வு, ஒரு சிற்றூரின் இளைஞர் சங்கத்தில்தான் தொடங்கியது.

கல்லூரிப் படிப்புக்காகத் திருச்சிக்கும் சென்னைக்கும் சென்றார்கள். 1920ல் காந்தியடிகள் ஒத்துழையாமைக்கு அழைப்பு விடுத்தார். கிலாஃபத் இயக்கமும் சேர்ந்து கொந்தளித்த காலம் அது. பட்டம் கைக்கு எட்டும் நிலையில் இருந்தும் தேர்வு எழுதாமல் கல்லூரியை விட்டு வெளியேறினார்கள். அன்றைய நாளில் பி.ஏ. பட்டம் என்றால் அரசு வேலைக்குக் கதவு திறந்தது போல. அந்தக் கதவைத் தாமே சாத்திவிட்டுத்தான் வணிகத்துக்கு வந்தார்கள்.

அவர்கள் தேர்ந்தது தோல் வணிகம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல் என நம்மவர்கள் வேரூன்றியிருந்த தொழில் அது. பதனிடப்பட்ட தோல்கள் சென்னை பெரியமேட்டுக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். ஜமால் முஹம்மது சாஹிப் போன்ற பெருவணிகர்கள் கொடிகட்டிப் பறந்த காலம். இந்த வணிகத்தில் லண்டன் சந்தையில் விலை சரிந்தால் இங்கே நஷ்டம் வரும். வாங்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும் வாக்குச் சுத்தம் இல்லாதவர் நிலைக்க முடியாது. அந்தத் தொழிலில் நல்ல பெயர் எடுத்தவர்களாகத்தான் காயிதே மில்லத் அரசியலுக்கு வந்தார்கள்.

1945ல் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவரானார்கள். 1946 தேர்தலில் முஸ்லிம் தொகுதிகளை லீக் பெருவாரியாக வென்றது. சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார்கள். ஆனால் உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது.

1947ல் நாடு பிரிந்தது. அந்த ஆண்டு இறுதியில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், கட்சியை இரு நாடுகளுக்கும் இரண்டாகப் பிரிக்க முடிவு செய்தது. இந்தியப் பகுதிக்கான அமைப்பாளர் பொறுப்பு காயிதே மில்லத்திடம் வந்தது. அன்றைய சூழலை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வடக்கே இரத்த ஆறு ஓடியது. லீக் என்ற பெயரைச் சொல்லவே பலர் தயங்கினார்கள். தலைவர்கள் பலர் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள், இருந்தவர்களில் பலர் கட்சியைக் கலைத்துவிடலாம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் கோழைகள் அல்லர். சமுதாயத்தின் மீது சந்தேகம் விழாமல் இருக்க அதுவே வழி என்று உண்மையாகவே நம்பியவர்களும் அவர்களில் உண்டு.

1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் கட்டடத்தில் கூட்டம் நடந்தது. வடநாட்டிலிருந்து வந்தவர்கள் மிகக் குறைவு. கட்சி தொடரும் என்று அங்கே முடிவானது. காயிதே மில்லத்தின் நிலைப்பாடு எளிமையானது. இந்த நாட்டின் குடிமக்களாக, இந்த நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு, வெளிப்படையாக உரிமையைக் கேட்பதில் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை. அந்த உறுதிதான் பின்னர் இந்திய யூனியன் முஸ்லிம் லீகாக நிலைபெற்றது.

அரசியல் நிர்ணய சபையிலும் அவர்கள் அதே வழியில் நின்றார்கள். பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு 1948 நவம்பரில் விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். அது ஏற்கப்படவில்லை. தனித் தொகுதிகளுக்கான கோரிக்கையும் தோற்றது. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதத்தில், தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே அந்த இடம் உரியது என்ற வாதத்தை எடுத்து வைத்தார்கள். அதுவும் நிறைவேறவில்லை. வாக்கெடுப்புகளில் தோற்றார்கள், ஆனால் சபையைப் பகைத்துக்கொண்டு வெளியேறவில்லை. நஷ்டம் வந்த மறுநாளும் கடை திறக்கும் வணிகரின் பொறுமை அது.

1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் இருந்தார்கள். பிறகு 1962, 1967, 1971 என மூன்று முறை கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் அவர்களை மக்களவைக்கு அனுப்பினார்கள். மலையாள மண்ணின் மக்கள் பேட்டைத் தமிழர் ஒருவரைத் தங்கள் பிரதிநிதியாக மூன்று முறை தேர்ந்தெடுத்தது சாதாரணச் செய்தி அல்ல. 1962ல் சீனாவுடன் போர் மூண்டபோது நாட்டின் பக்கம் தயக்கமின்றி நின்றார்கள். தம் ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்பத் தயார் என்று அவர்கள் அறிவித்தது இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. தமிழகத்தில் 1967ல் தி.மு.க. தலைமையிலான அணியில் லீக் இடம்பெற்று, ஆட்சி மாற்றத்தில் பங்கு வகித்தது.

1972 ஏப்ரலில் அவர்கள் வஃபாத்தானார்கள். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். சென்னையில் அவர்களின் பெயரில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது, மணிமண்டபம் இருக்கிறது. நாகை மாவட்டம் சில ஆண்டுகள் அவர்களின் பெயரைத் தாங்கி நின்றது.

பெயர் சூட்டுவதில் நாம் குறை வைக்கவில்லை. அவர்கள் விட்டுச் சென்ற பாடத்தை எடுத்துக்கொண்டோமா என்பதுதான் கேள்வி. வணிகத்தை விட்டு அரசியலுக்கு வந்தவர்கள் அவர்கள். அரசியலை வணிகமாக்கவில்லை. எளிமையான வாழ்க்கையைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவும் இல்லை. வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்கும் நம் ஊர் வணிகச் சகோதரர்களுக்கு இது பெரிய இடத்துச் செய்தி அல்ல. தெருவிளக்கும் குடிநீரும்கூட மக்கள் நம்மிடம் ஒப்படைக்கும் அமானிதம்தான். செலவழித்த பணத்தைத் திரும்ப எடுக்கும் முதலீடாகப் பதவியைப் பார்ப்பவருக்கு வாக்களிக்கும்போது, அந்த அமானிதத்தில் நாமும் தவறுகிறோம்.

அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.